அத்தா பார்த்த சுலேகா

1981 ஜூன் 3, புதன்
விடாத மழை. குடைக் கம்பி ஒடிந்தது. காலேஜ் விண்ணப்பம் அத்தாவின் கையெழுத்துக்காக ஐந்தாவது நாளாக அலமாரியில். கடைசி நாள் திங்கள்.

இன்று சண்டை போடவில்லை, பந்தயம் போட்டேன். நான் மூன்று தடவை படித்த மலையாள நாவல் படமாகி வந்திருக்கிறது. நாயகி சுலேகாவும் எங்களைப்போல மட்டாஞ்சேரிப் பூண்டு மண்டி வீட்டுப் பெண். பெண் பார்க்க வந்தவர்களை உட்கார வைத்துவிட்டுப் படகேறிக் காலேஜுக்குப் போகிறாள். அத்தாவுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. "படத்தைப் பாத்துட்டு முடிவு சொல்லுங்கத்தா."

"சரி. அந்தப் புள்ள என்ன செய்யுதோ, நீயும் அதையே செய்யி."

குதித்தேன்.

ஜூன் 5, வெள்ளி
ஜும்மா முடிந்து மேட்னி. அத்தா, நான். ஆத்திரத்தோடு எழுதுகிறேன்.

நாவலில்: முகமெல்லாம் பரு. விரலில் பூண்டு வாடை, வகுப்பில் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள்.
படத்தில்: தூங்கும்போதும் கண்மை. மூட்டைமேல் ஏறிப் பாட்டு.
நாவலில் படகேறுகிறாள். படத்தில் துறைவரை வந்து, அழுது, திரும்பிவிடுகிறாள். கல்யாணம். புத்தகங்களைத் தானே அடுப்பில் போடுகிறாள்! கைதட்டல் வேறு. பாவிகள்.

வழியெல்லாம் அத்தாவுக்குச் சந்தோஷம். "நல்ல படம், கேட்டோ. அடக்கமான புள்ள." விண்ணப்பம் பற்றிப் பேச்சே இல்லை. பந்தயம் போட்டவள் நான்தானே.

ஜூன் 6, சனி
கடைசி அத்தியாயத்தைத் தமிழாக்கி வாசித்துக் காட்டினேன். படகு கிளம்பும் இடத்தில் அத்தா கையை உயர்த்தினார். "இது நீயா கட்டுற கதை. அவ வீட்டுக்குத் திரும்பி வந்தத நான் கண்ணால பாத்தேன்."

நான் பொய்க்காரியாம்! சினிமாக்காரன் யோக்கியன். இரவு சோறு வேண்டாம் என்றேன். யாரும் வற்புறுத்தவில்லை, அதற்கும் கோபம்.

ஜூன் 7, ஞாயிறு
மழை. எங்கள் மண்டிக் குமாஸ்தா சேகரன் சேட்டனை வரவழைத்தேன். எதுவும் சொல்லாமல் புத்தகத்தை நீட்டி, கடைசிப் பக்கத்தை அத்தாவுக்கு உரக்க வாசிக்கச் சொன்னேன்.

"சுலேகா போட்டில் கயறி. திரிஞ்ஞு நோக்கியில்ல." படகேறினாள், திரும்பிப் பார்க்கவில்லை. அத்துடன் புத்தகத்தை மூடினார்.

அத்தா அட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அவ அத்தா என்ன செஞ்சாரு?"

சேட்டன் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "அது எழுதீட்டில்ல, முதலாளி."

விண்ணப்பத்தை எடுத்துவரச் சொன்னார் அத்தா. கையெழுத்துப் போடும்போதும் முணுமுணுப்பு ஓயவில்லை. "அத எழுதாம விடுவானா ஒருத்தன்? பெத்தவன் அப்படியா சும்மா இருப்பான்? இந்த மழையில ஒரு பொம்பளப் புள்ள தனியாவா படகேறும்?"

நாளை ஏழு மணிப் படகு. அத்தாவும் வருகிறாராம்.