பாதியில் நிறுத்திய பேய்ப் படம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

எங்கள் சினிமா செயலியில், ஒருவர் பார்த்ததை வைத்து அடுத்த படத்தைச் சிபாரிசு செய்யும் வசதியை வடிவமைக்கிறேன். சோதித்துப் பார்க்க, நீங்கள் அங்கும் நான் இங்கும் பயன்படுத்தும் நம் கணக்கையே கொடுத்தேன். சாமிப் படமும் பேய்ப் படமும் மாறி மாறி வந்தன.

"யாருய்யா இது, பேயோட்டுற பூசாரியா?" என்று மேலாளர் சிரித்தார். "ரெண்டு பேர் பார்க்குறாங்க போல. கணக்கைப் பிரிச்சிடு."

பேய் உங்களுடையது என்று நான் காட்டிக்கொடுக்கவில்லை. பிரிக்கவும் மனம் வரவில்லை.

பஸ் வந்துவிட்டது. ஒன்றே ஒன்று: பயந்துபோய்ப் படத்தைப் பாதியில் நிறுத்துவீர்களே, இனியும் அப்படியே நிறுத்துங்கள். சாப்பிடும்போது நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்துதான் நான் பார்க்கிறேன். என் பக்கத்திலிருந்து இப்போதுதான் எழுந்துபோனீர்கள் போலிருக்கிறது.

உங்கள் மகன்