மேசைக்கடியில் இரண்டு பேர்

திண்டுக்கல்
4 மார்ச் 2025

அன்புள்ள மதிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், கவனித்துக்கொள்ள ஆள் இருக்கிறதே.

போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே நிலநடுக்கம் என்றாய். அடுத்த நொடி ரொனால்டு குரல்: "மதி, கையைப் பிடிங்க! மேசைக்கடியில வாங்க!" கூட ஆராய்ச்சி செய்கிறவர், கொடைரோட்டுக்காரர், தங்கமான மனுஷர் என்று வாய் ஓயாமல் சொல்வாயே, அவர்தான். போனை வைத்துவிட்டேன். உன் நம்பரையும் பிளாக் செய்துவிட்டேன்.

நம் வீட்டுக்குப் பின்னால் கல்குவாரியில் தினமும் வெடி வைக்கிறார்கள். பாத்திரமெல்லாம் ஆடுகிறது. நான் யார் கையைப் பிடித்தேன்? அதென்ன, நீ இருக்கிற ஜப்பானில் மட்டும் பூமி அப்படி ஆடுகிறது? பதில் எழுது.

இன்னும் உன் கணவன்,
இளஞ்செழியன்

ஜப்பான்
18 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்து முறைக்க வேண்டாம். நான் சொல்லச் சொல்ல எழுதுவது ரொனால்டு. அவர் பெயர் வருகிற இடத்தில் பேனா நிற்கிறது. பரவாயில்லை, எழுதுங்கள் என்றேன்.

கேட்டதற்குப் பதில். பூமியின் மேலோடு பல தட்டுகளாக இருக்கிறது, எல்லாம் மெதுவாக நகர்கின்றன. திண்டுக்கல் தன் தட்டின் விளிம்பிலிருந்து வெகுதூரத்தில் இருப்பதால் பெரிதாக ஆடுவதில்லை. இங்கே ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் நுழைகிறது. சிக்கிக்கொண்டு, வருஷக்கணக்கில் இறுகி, ஒருநாள் சட்டென்று விடுபடும். அதுதான் நிலநடுக்கம். குவாரி வெடிபோல ஒரே அதிர்வோடு முடியாது. முதலில் லேசான குலுக்கல், பின்னாலேயே பலமான ஆட்டம். நடுவில் கிடைக்கிற நொடிகளில் மேசைக்கடியில் போய்விட வேண்டும்.

நான் போகவில்லை. "மாமா, வைக்காதீங்க" என்று போனில் கத்திக்கொண்டிருந்தேன். புத்தக அலமாரி வலது கைமேல் விழுந்தது, கட்டுப் போட்டிருக்கிறார்கள். ரொனால்டு இடது கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் தலைமேல் விழுந்திருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கடிதம் வந்ததும் ஆசையாகப் பிரித்தேன். அடிபட்டதா என்று ஒரு வரி இல்லை.

பெயரை மட்டும் இடது கையால் எழுதுகிறேன்.

தமிழ்மதி

திண்டுக்கல்
1 ஏப்ரல் 2025

மதி,

வலிக்கிறதா? கட்டு எப்போது பிரிப்பார்கள்? எப்படிச் சாப்பிடுகிறாய், தலை யார் பின்னிவிடுகிறார்கள்?

பிளாக்கை எடுத்துவிட்டேன். இப்போது நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை.

ரொனால்டுக்கு நன்றி சொல். பொறாமை மட்டும் போகவில்லை. உன்னை இழுத்த கை என்னுடையதாக இல்லையே என்று வயிறு எரிகிறது. அடுத்த கடிதம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் நீயே எழுது.

இன்று குவாரியில் வெடித்தபோது நம் சாப்பாட்டு மேசைக்கடியில் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஒருவனுக்கே இடம் போதவில்லை. இரண்டு பேர் என்றால் கையைப் பிடித்துத்தான் ஆக வேண்டும்.

போனை எடு.

இன்னும் உன் கணவன்தானா,
இளஞ்செழியன்