பூசணிக்காய் உடைத்த வாசல்

வெள்ளிக்கிழமை.

மெர்டேக்கா, சுதந்திரம் என்று மலாக்கா முழுவதும் திடலில் கூடிய வருஷம் அது. காஜா பெராங்கில் நான் வேலை செய்த மளிகைக்கடையில், முதலாளி திருஷ்டி கழித்து வாசலில் பூசணிக்காய் உடைத்தார். "கூட்டித் தள்ளுடா, எவனாச்சும் வழுக்கி விழப்போறான்" என்று என்னிடம்தான் சொன்னார். நான் ஊர்வலம் பார்க்க ஓடிவிட்டேன். என்னோடு வேலை செய்த ராமையா அரிசி மூட்டையோடு வந்து அந்தச் சதையில் கால் வைத்து விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்தது.

முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "கடையோட திருஷ்டி இவன் மேல எறங்கிருச்சு" என்று அவரே சொல்லிவிட்டார். நானும் தலையாட்டினேன்.

அன்றிலிருந்து ராமையா நொண்டித்தான் நடக்கிறான். நாளை அதே இடுப்பில் ஆப்பரேஷன். இந்த வயதில் தாங்குவானா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை. இன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"என்னாண்ணே, மொகம் தொங்கிப் போச்சு? மொதலாளி திருஷ்டி பூரா வாங்கின ஒடம்பு இது. கத்தியெல்லாம் என்னா செய்யும்லா!" என்று சிரித்தான்.

நான்தான் கூட்டாமல் ஓடினேன் என்று சொல்லிவிட வாய் திறந்தேன். "சாப்பிட்டியா?" என்றுதான் வந்தது.

கிழவனான பிறகு கற்ற எழுத்து, இந்த நோட்டில் மட்டும் உண்மை எழுதுகிறது. விடிந்ததும் போக வேண்டும், கத்தி வைப்பதற்குள். முதலாளி போய்விட்டார். கணக்கப்பிள்ளையும் போய்விட்டார். அந்தக் கடையில் இருந்தவர்களில் என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பவன் ராமையா மட்டும்தான்.