வெந்நீரில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர்

என் அன்பு மைனிக்கு,

அங்கேயாவது உங்களை யாராவது பிடித்து உட்கார வைத்திருக்கிறார்களா? முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் ஜெமி நேற்று நான்காவது தோசை கேட்டாள். அண்ணன் கரண்டியோடு என்னைப் பார்த்தான், நான் காலியான மாவுச் சட்டியைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

உங்கள் நினைவு நாளுக்காகச் சபைப் பத்திரிகையில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். "போதகர் படிப்பாரு, மரியாதையா எழுது" என்றான் அண்ணன். பிள்ளையின் வயிற்றுப்போக்கைப் பற்றி எவ்வளவு மரியாதையாக எழுத முடியும், சொல்லுங்கள். முடிந்தவரை பார்க்கிறேன்.

நீங்கள் போன பிறகு நான் துணிமணியோடு தாராவிக்கே வந்துவிட்டேன். செம்பூர் பார்லரில் வேலை அப்படியே இருக்கிறது. புருவம் திருத்திவிட்டு நேரே இங்கேதான். வந்த அன்றே ஒன்று முடிவு செய்தேன். ஜெமிக்கு எல்லாம் நீங்கள் செய்தபடியே நடக்க வேண்டும். இரட்டைச் சடை, ரொட்டிக்குள் சீனி, ஜெபம் முடிந்ததும் நெற்றியில் முத்தம். தண்ணீரும் அப்படித்தான். பிள்ளைக்குக் கொதிக்க வைக்காத தண்ணீரை நீங்கள் கொடுத்ததே இல்லை என்று இந்தச் சந்துக்கே தெரியும். நானும் கொடுக்கவில்லை.

இருந்தும் போன வருஷம் முழுக்க அவள் வயிறு சரியில்லை. வயிறு உப்பிக்கொண்டு, கை கால் குச்சியாகி, ஏப்பம் விட்டால் அழுகிய முட்டை நாற்றம். மருந்து கொடுத்தால் கொஞ்ச நாள் ஓடி ஆடுவாள், மறுபடியும் சுருண்டு படுத்துவிடுவாள். எதிர் வீட்டு முத்தக்கா கண்ணேறு என்றாள், உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். அண்ணன் பள்ளிக்கூட வாசலில் ஐஸைச் சீவிச் சாயம் ஊற்றி விற்கும் கோலாவைத் திட்டினான். கோலா வாங்கிக் கொடுத்த அண்ணனை நான் திட்டினேன். அந்த விஷயத்தில் எனக்குச் சோர்வே கிடையாது.

வாஷியிலிருந்து உங்கள் அக்கா வந்து பிள்ளையைப் பார்த்து அழுதுவிட்டார். "எங்க வீட்டுல ஃபில்டர் மிஷின் இருக்கு, ஸ்கூலும் பக்கந்தான். பரீட்சை முடியட்டும், நான் கூட்டிட்டுப் போயி வளக்கேன்" என்றார். பாசத்தில் சொன்னதுதான், குறை சொல்ல முடியாது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். அதன் பிறகு வீட்டில் யாரும் பரீட்சை என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. ஜெமி போய்விட்டால் அண்ணனும் நானும் டிவியும்தான் மிச்சம். நீங்கள் இருந்திருந்தால் அனுப்பியிருப்பீர்களா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

கடைசி முயற்சியாக முனிசிபல் தவாகானாவுக்கு, அதுதான் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு, கூட்டிப் போனேன். அங்கே ஒரு மராட்டி லேடி டாக்டர். மலப் பரிசோதனை வேண்டும் என்று ஒரு குட்டி டப்பாவைக் கொடுத்தார். அதை நான் லிப்ஸ்டிக் வைக்கும் பையில் மறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்த கதையை நேரில் வந்து சொல்கிறேன். பத்திரிகையில் வேண்டாம்.

ரிப்போர்ட் வந்தது, வயிற்றில் பூச்சி. பூச்சி என்றால் நெளியும் புழு என்றுதானே நாம் நினைத்திருந்தோம்? இது கண்ணுக்கே தெரியாதாம், ஜியார்டியா என்று பேர். எனக்கு ஏதோ ஃபேஷியல் க்ரீம் பேர் போலக் கேட்டது. தண்ணீர் வழியாக வருவது, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்ப்பதுதான், மருந்துக்குக் கேட்கும், ஆனால் அதே தண்ணீரைக் குடித்தால் திரும்பி வரும் என்றார் டாக்டர். தண்ணீரைக் கொதிக்க வைக்கிறீர்களா என்று கேட்டார்.

கேட்டாரே ஒரு கேள்வி! எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. தளதளவென்று கொதிக்க வைக்கிறேன், இவள் அம்மா காலத்திலிருந்து அப்படித்தான் என்று என் ஹிந்தியில் முழங்கினேன்.

மடியிலிருந்த உங்கள் மகள் வாயைத் திறந்தாள். "ஃபிர் அத்தை நல் கா பானி டால்தீ ஹை!" அப்புறம் அத்தை குழாய்த் தண்ணி ஊத்துவா என்று போட்டுக் கொடுத்துவிட்டாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

நினைவிருக்கிறதா மைனி? காலையில் பள்ளிக்கூட அவசரத்தில் அடுப்பிலிருந்து இறக்கியதும், "இப்படியே குடுத்தா பிள்ளைக்கு வாய் வெந்துரும்லா" என்று ஒரு செம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றி வெதுவெதுப்பாக்கி பாட்டிலில் அடைப்பீர்கள். அதையேதான் நானும் செய்தேன். கேஸை எரித்துக் கொன்ற பூச்சியை, ஒரு செம்பில் புதிதாக மொண்டு ஊற்றியிருக்கிறோம். டாக்டர் சிரித்துவிட்டார், திட்டவில்லை. இங்கே வரும் அம்மாக்களில் நிறையப் பேர் இதைத்தான் செய்கிறார்கள் என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உங்கள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். நாம் போட்ட சண்டைகளில் நான் ஒன்றிலாவது ஜெயித்திருக்கிறேனா? இப்போது ஜெயித்திருக்கிறேன், எதிரே நின்று கத்த நீங்கள் இல்லை. இதெல்லாம் நியாயமா?

முத்தக்காவிடம் சொன்னேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எங்க வீட்லயும் அப்படித்தான ஊத்துதோம்! ஊத்தாம எப்படி ஆத்த?" என்றாள். அந்த ஒரு கேள்வி சந்து முழுக்கப் போய்வந்தது. அடுத்த வாரம் எங்கள் சந்திலிருந்து தவாகானாவுக்கு ஒரு பவனியே போனது. ஆளுக்கொரு டப்பா, ஆளுக்கொரு கைக்குட்டை மூக்கில். பல பிள்ளைகளுக்கு அதேதான் இருந்தது. கண்ணேறு சுற்றிய முத்தக்காவின் இரண்டு பையன்களுக்கும்தான். எல்லோருக்கும் மருந்து கிடைத்தது, கசப்பு தாங்காமல் எல்லோரும் ஒரே நேரத்தில் அழுதார்கள், சந்தே கல்யாண வீடு மாதிரி இருந்தது.

இப்போது சாயந்தரமே கொதிக்க வைத்து மூடிவிடுகிறேன். காலைக்குள் அதுபாட்டுக்கு ஆறிவிடும். ஜெமிதான் பானைக்குக் காவல். அண்ணன் செம்பை எடுத்தாலே, "அப்பா, ஹாத் தோயா?" என்று கை கழுவச் சொல்லி விரட்டுகிறாள். அவள் குரலில் அப்படியே நீங்கள்.

பரீட்சை முடிந்தது. உங்கள் அக்கா பெட்டி கொண்டுவந்தார். கதவைத் திறந்த ஜெமியின் கன்னத்தைப் பார்த்தவர், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் கிள்ளினார். "இவள நான் என்னத்துக்குக் கூட்டிட்டுப் போவ? இங்கயே கெடக்கட்டும்" என்றார். அண்ணன் ஏதோ வேலை இருப்பது போல வெளியே போனான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, கையில் ஒரு கிலோ மட்டன் இருந்தது.

அன்று சாப்பிட்டு முடித்ததும் ஜெமி கேட்டாள்: "அத்த, பச்சத்தண்ணி ஊத்தக் கூடாதுன்னு அம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியாதுட்டி. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பா."

"அப்ப யாராச்சும் சொல்லணும்ல?" என்றாள்.

அதற்காகத்தான் எழுதினேன் மைனி. இனி உங்களுக்கும் தெரியும். சடையும் சீனி ரொட்டியும் முத்தமும் நீங்கள் செய்தபடியே நடக்கும், இது சத்தியம். தண்ணீரில் மட்டும் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டேன். நீங்களும் கேட்கச் சொல்ல மாட்டீர்கள்.

உங்கள் மகளை உங்கள் வீட்டிலேயே வளர்க்கும்,
உங்கள் நாத்தனார்