பதினொரு சென்ரிமீற்றர் குள்ளமானவள்

மான்செஸ்டர்
08.05.1999

அன்புள்ள ஜெகதிக்கு,

உமது நலத்துக்கு வெள்ளவத்தைப் பிள்ளையார் பொறுப்பு. என் நலத்துக்கு இந்த ஊர்ப் பாணும் சீஸும் பொறுப்பு. மே மாதம் பிறந்தும் குளிர் விட்டபாடில்லை. உமது கத்தரிக்காய்க் குழம்பை நினைத்துக்கொண்டுதான் பாணை விழுங்குகிறேன்.

டொக்டருக்குப் படித்தவன் ஏன் கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருக்கிறான் என்று உமது அப்பா கேட்டாரே, அவருக்கு இந்தக் கதையைச் சொல்லும். சுகாதாரத் தகவலியல் என்றால் என்னவென்று விளங்கும். பெரிய டொக்டர் சுந்தரலிங்கம் சேர் நம்முடைய ஆஸ்பத்திரியின் கர்ப்பவதிகள் கிளினிக் விபரம் முழுவதையும் பிளொப்பியில் அனுப்பியிருந்தார் அல்லவா? அதில் பெயர் கிடையாது, இலக்கம் மட்டும்தான். எந்த இலக்கம் யாருடையது என்பது சேருக்குத்தான் தெரியும். ஒரே கிளினிக் கார்ட்டில் இரண்டு ஆட்கள் ஒளிந்திருந்தால் பிடிக்க நான் ஒரு புரோகிராம் எழுதினேன். பிடித்தும் விட்டது!

போன வருஷம் அந்தக் கார்ட்டுக்காரி உம்மைப் போல நெடுவல், நூற்று அறுபது சென்ரிமீற்றர். இந்த வருஷம் அதே கார்ட்டில் நூற்று நாற்பத்தொன்பது. இரத்தமும் ஓ பொசிட்டிவிலிருந்து பி நெகட்டிவுக்கு மாறிவிட்டது. "கொழும்புத் தண்ணீர் ஆளைச் சுருக்கிவிடும்" என்று வகுப்பில் சொன்னேன். வயிறு நோகச் சிரித்தார்கள். பேராசிரியர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இலக்கத்தைச் சேருக்கு அனுப்பிவிட்டேன். கள்ளியைக் கையும் மெய்யுமாகப் பிடிக்கட்டும். நான் திரும்பி வந்ததும் புதுக் கொம்பியூட்டர் பிரிவுக்கு என்னையே பொறுப்பாக்குவதாக அவர் எழுதியிருக்கிறார். உடம்பைக் கவனித்துக்கொள்ளும்.

உமது அன்பின்
நாகேந்திரம்


வெள்ளவத்தை
22.05.1999

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் பயம். பக்கத்து வீட்டு மஜீட் நானாவின் மகன் நாளைக்கு லண்டன் வருகிறார், அவரிடம் கொடுத்து விடுகிறேன்.

உங்கள் கடிதம் வந்தபோது மலர் பக்கத்தில் இருந்தாள். "அண்ணா என்னவாம், மச்சாள்?" என்று கேட்டாள். "குளிராம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்தக் கள்ளி உங்கள் தங்கச்சி. கார்ட் என்னுடையது.

மலர் வன்னியிலிருந்து வயிற்றுப் பிள்ளையோடு வந்து நாலு மாதமாகிறது. புருஷனுக்கு வவுனியாவில் ஆமி கொழும்புக்கு வரப் பாஸ் கொடுக்கவில்லை. அவளுக்குக் கொடுத்த பாஸும் முடிந்துவிட்டது. பாஸ் இல்லாமல் பொலிஸில் பதியப் போனால் பிடித்து வைத்துவிடுவார்கள் என்று பயந்தோம். புதுக் கார்ட் எடுத்தால் மிட்வைஃப் விலாசம் தேடி வருவா, நாலு பேர் அறிவார்கள். போன வருஷம் நம்முடைய பிள்ளை நாலாம் மாதத்தில் போன பிறகு என் கார்ட் அலுமாரியில் சும்மா கிடந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன். அது பிழைதான். ஒவ்வொரு கிளினிக்கிலும் "ஜெகதீஸ்வரி" என்று கூப்பிட மலர் எழும்பிப் போவாள். நான் வாங்கில் உட்கார்ந்தபடி தலையைக் குனிந்துகொள்வேன். என் பிள்ளையின் கார்ட்டை வைத்து நாடகம் ஆடுகிறேனே என்று வெட்கமாக இருக்கும்.

உங்களுக்குப் படிப்புச் சோதனை நேரம், அண்ணாவுக்குச் சொல்லவேண்டாம் என்று மலர் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். அதனால்தான் மறைத்தேன். இப்போது எழுதுவதும் அவளுக்குத் தெரியாது.

போன செவ்வாய் கிளினிக்கில் கார்ட்டை வாங்கி வைத்துவிட்டார்கள். கார்ட்டுக்கு உரியவர் அடையாள அட்டையோடு வந்து சேரைச் சந்திக்கட்டுமாம். வாசலில் பொலிஸ்காரர் நிற்பதைக் கண்டதும் மலர் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். பின்பக்கத்தால் கூட்டிக்கொண்டு வந்தேன். இனி ஆஸ்பத்திரிப் பக்கம் போகமாட்டாளாம், வீட்டிலேயே பெறுவாளாம். எட்டு மாதம் முடியப்போகிறது, அத்தான்.

சேருக்கு ஒரு வரி எழுதுங்கள். "அது என் தங்கச்சி, பாருங்கள்" என்று எழுதினால் போதும். உங்கள் சொல்லை அவர் தட்டமாட்டார். இரத்தம் மாறியிருப்பதால் ஏதும் ஆபத்து உண்டோ என்றும் எழுதுங்கள். எனக்கு அந்தப் பயமும் இருக்கிறது.

உங்கள் அன்பு மனைவி
ஜெகதி


மான்செஸ்டர்
04.06.1999

அன்புள்ள ஜெகதிக்கு,

உமது கடிதத்தை வாசித்த நேரம் முதல் வெட்கம் என்னைத் தின்கிறது. வகுப்பில் சிரிப்பு மூட்டியவன் நான். என் சொந்தத் தங்கச்சியை வைத்துச் சிரிக்கப் பண்ணியிருக்கிறேன். அவளுக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியபோது கால் எட்டவில்லை என்று சீற்றைப் பதித்துக் கொடுத்ததும் நான்தான். அந்த உயரத்தைக் கண்டும் எனக்கு அவளுடைய நினைவு வரவில்லை.

ஆனாலும் நீர் யோசித்திருக்க வேண்டும். மலருக்கு நெகட்டிவ் இரத்தம். பிள்ளை பொசிட்டிவ் என்றால் பிறந்து மூன்று நாளுக்குள் தாய்க்கு ஊசி போடவேண்டும். போடாவிட்டால் அடுத்த பிள்ளைக்கு ஆபத்து. உமது பழைய கார்ட்டில் முதலில் எழுதிய ஓ பொசிட்டிவைப் பார்க்கிறவர்கள் அதைப் போடமாட்டார்கள்.

சேருக்கு எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரியோடு நின்றுவிட்டது. தன் வீட்டிலேயே கள்ளக் கார்ட் வைத்திருந்தவனிடம் அவர் எப்படி அந்தப் பிரிவைத் தருவார்? இரண்டு வருஷப் படிப்பு, ஜெகதி. எனக்காக மட்டும் சொல்லவில்லை, எங்கள் எல்லோருக்காகவும்தான். கொட்டாஞ்சேனைப் பக்கம் பிரைவேட் நேர்சிங் ஹோம் ஒன்று பாரும். ஊசி விஷயத்தை அங்கே மறக்காமல் சொல்லும். சேர் ஏதும் கேட்டால் எனக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லிவிடும்.

வாசித்ததும் இதைக் கிழித்துவிடும். என்னைக் கோபிக்கவேண்டாம்.

உமது
நாகேந்திரம்


வெள்ளவத்தை
27.06.1999

அத்தானுக்கு,

மலருக்குப் பெண் பிள்ளை. இருவரும் சுகம். பிள்ளைக்குப் பொசிட்டிவ். மலருக்கு அடுத்த நாளே ஊசி போட்டாயிற்று.

கொட்டாஞ்சேனை நேர்சிங் ஹோமிலும் பொலிஸ் பதிவுதான் முதலில் கேட்டார்கள். திரும்பி வரும் வழியில் பஸ்ஸுக்குள் மலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடுத்த நாள் நான் என் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு சேரிடம் போனேன். கிளினிக்கில் நேர்சாக நிற்கிற நளீபா மிஸ்ஸிதான் உள்ளே கூட்டிப் போனா. இருந்ததை இருந்தபடி சொன்னேன்.

சேர் முதலில் ஏசினார். "அறிவில்லையோ பிள்ளை? ஆள் மாறி ரத்தம் ஏத்தியிருந்தால்?" என்றார். நன்றாக ஏசட்டும் என்று நின்றேன். பிறகு நளீபா மிஸ்ஸியிடம் மலரின் பெயரிலேயே புதுக் கார்ட் போடச் சொன்னார். மிஸ்ஸி இரத்த வகையைச் சிவப்பு மையால் எழுதினா. பிரசவம் முடியும்வரை மலர் இங்கே நிற்கவேண்டும் என்று பொலிஸுக்குச் சேரே கடிதம் கொடுத்தார். இவ்வளவுதான் வேலை. உங்கள் புரோகிராம் கெட்டித்தனமாகத்தான் பிடித்திருக்கிறது என்றும் சொன்னார்.

நான் வெளிக்கிடும்போது கேட்டார்.

"நாகேந்திரத்துக்கு இது தெரியுமோ?"

"தெரியாது, சேர்."

"அதுதானே. தெரிஞ்சிருந்தால் அண்டைக்கே எனக்கு எழுதியிருப்பான்."

உங்கள் கடிதம் அப்போது என் கைப்பைக்குள் இருந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கார்ட்டுக்காக நான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்திருப்பார். அந்த வெட்கம் எனக்கு அவர் ஏசி முடித்ததோடு போய்விட்டது.

கொம்பியூட்டர் பிரிவு உங்களுக்குத்தான். பயப்படவேண்டாம்.

பிள்ளைக்கு அண்ணாதான் பெயர் வைக்கவேண்டும் என்று மலர் பிடிவாதமாக நிற்கிறாள். "அண்ணாவுக்குத் தெரியாமல் போச்சு மச்சாள், இல்லாட்டி எங்களை இப்பிடி அலையவிட்டிருப்பாரோ?" என்று பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி கேட்டாள். நான் ஓம், தெரியாமல்தான் போச்சு என்றேன்.

பெயரை மலருக்கே எழுதுங்கள், அவளுடைய பெயரைக் கடித உறையில் போட்டு. உங்கள் கடிதங்களை இனி நான் அவளுக்கு வாசித்துக் காட்டப்போவதில்லை. எனக்கு எழுதவேண்டி வந்தால், அங்கே குளிர் என்று எழுதுங்கள்.

ஜெகதீஸ்வரி