ஞானம் அத்தை கைநாட்டு வைத்த பாட்டு

சேசு மரி சூசை

இராயபுரம்
8-11-1953, ஞாயிறு

அன்பு மகன் யேசுதாசுக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. சர்வேசுரன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், சுகமாக இருக்கிறோமா என்பதை முழுதும் படித்துவிட்டு நீயே சொல். உன் உடம்பு சுகம், உன் மேனேஜர் சுகம், அவர் வீட்டு நாய்க்குட்டிகூட சுகம் என்று உன் கடிதத்தில் கண்டு அறிந்தேன். பாட்டுப் பதிப்பிக்கிற வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பம்பாயில் கம்பெனிச் செலவில் படித்துக்கொண்டிருக்கிறேன் அம்மா, நம் பக்கத்தில் ஒருத்தனும் இதைப் படித்ததில்லை என்று பெருமை அடித்திருக்கிறாய். ஒருத்தனும் படிக்காததற்கு ஏதாவது காரணம் இருக்கும் ராசா. எனக்கும் விளங்கட்டும் என்று பாடம் வேறு நடத்தியிருக்கிறாய். வார்த்தை ஒருத்தருக்குச் சொந்தமாம், மெட்டு இன்னொருத்தருக்காம், அச்சுப் புத்தகம் ஒருத்தருக்கு, கிராமபோன் பிளேட்டு ஒருத்தருக்கு, ஹோட்டலில் வைத்தால் அதற்குத் தனியாகக் கேட்க வேண்டுமாம், கடைசியில் எல்லாச் சாவியும் எழுதி வாங்கிப் பதிப்பிக்கிறவன் இடுப்பில் தொங்குமாம், பாடிக் கொடுத்தவளுக்கு ஒரு கும்பிடாம். காசிமேட்டில் வஞ்சிரத்தைத் தலை வேறு வால் வேறு என்று கூறு போடுகிறவன் இதற்காகக் கோட்டு மாட்டிக்கொண்டு பம்பாய் போய்ப் படிக்கவில்லை. நல்ல படிப்பு, படி.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. தெருவில் தண்ணீர் நிற்கிறது, பின்பக்க ஓடு ஒழுகுகிறது, என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ அனுப்பின கம்பளி வந்து சேர்ந்தது, இந்த ஊர்ப் புழுக்கத்தில் அதை யார் போர்த்திக்கொள்வது என்று உன் புத்திக்குத் தோன்றவில்லையா, எதிர்வீட்டு வரதன் இருமுகிறான் என்று அவனுக்குக் கொடுத்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் அத்தை ஞானத்துக்கும் எனக்கும் ஆகாது என்பது உனக்குத் தெரியும், தெருவுக்கும் தெரியும். நான் வாழ வந்த அன்றைக்கே என் குழம்பில் புளி அதிகம் என்று பந்தியில் எழுந்து நின்று சொன்ன நாத்தனார் அவள். அவளுக்காக நான் பரிந்து பேசி உனக்கு எழுதுகிறேன் என்றால் எவ்வளவு வயிற்றெரிச்சல் இருக்கும் என்று யோசித்துக்கொள்.

நம் தெருவில் செத்தவர்களை அவள் பாட்டு இல்லாமல் தூக்குவது கிடையாது, அது நீ பார்த்து வளர்ந்ததுதான். தலைமாட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு அடியிலும் செத்தவர் பேரை வைத்து, அவர் செய்த தொழிலை வைத்து, சாப்பிட்ட மீனைக்கூட வைத்துப் பாடுவாள், சுற்றி இருக்கிற பொம்பளைகள் அந்தப் பேரைத் திருப்பிச் சொல்வார்கள், அப்புறம்தான் பெட்டியை மூடுவது. அது பரம்பரையாக வந்த பாட்டு என்று உன் மேனேஜரிடம் சொன்னாயாமே, யார் சொன்னது உனக்கு. அவள் புருஷன் கட்டுமரத்தில் போய்த் திரும்பாதபோது, தூக்குவதற்கு உடம்புகூட இல்லாமல், வெறும் பாயை விரித்து வைத்துக்கொண்டு அதன் தலைமாட்டில் உட்கார்ந்து அவளாகக் கட்டின பாட்டு அது. அன்றைக்கு நானும் அந்தப் பாய்க்குப் பக்கத்தில் இருந்தேன். கோயில் சாமியார் இதெல்லாம் அஞ்ஞானப் பழக்கம், விட்டுவிடுங்கள் என்று எத்தனையோ பிரசங்கத்தில் சொல்லிப் பார்த்தார், ஒருத்தி கேட்கவில்லை.

போன கிறிஸ்மசுக்கு வந்தாய், கேக்கு கொண்டுவந்தாய், அத்தைக்குப் புடவை எடுத்தாய், சந்தோஷம். திருநாள் முடியும் முன்பே அவளை முற்றத்தில் குந்த வைத்துப் பாடச் சொல்லி எழுதிக்கொண்டாய். நல்ல நாளும் அதுவுமாக வீட்டில் சாவுப்பாட்டா என்று நான் கத்தினேன், இரண்டு பேருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேர் இல்லாமல் அவளுக்குப் பாட வராது, திணறினாள், கடைசியில் செத்துப்போன உன் நைனா பேரை வைத்துப் பாடினாள். அவரும் அவளுக்கு அண்ணன்தானே, பாடும்போதே அழுதாள். நீ தலை நிமிராமல் எழுதினாய்.

அப்புறம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் ரிஜிஸ்தர் தபாலில் உங்கள் கம்பெனிக் காகிதம் வந்தது. அந்தச் சட்டத் தமிழ் எனக்கு எட்டவில்லை, ஹார்பர் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிற வரதனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னோம். மேற்படி பாடலை இனி கம்பெனியார் அனுமதியின்றி நானோ என்னைச் சேர்ந்தவரோ பாடவும் பாடுவிக்கவும் மாட்டோம் என்று உறுதி கூறுகிறேன் என்று ஒரு வரி வந்தது. இது வேண்டாம் ஞானம், இதில் கை வைக்காதே என்று நான் சொன்னேன். அதற்கு அவள், இன்னா அண்ணி, புள்ளைக்கு வேல நெரந்தரமாவும்னு எழுதிக்கீறான், அவுங்க அத்த நான் வைக்காட்டி வேற யாரு வைப்பா என்று ஒரே போடாகப் போட்டாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றி, சிலுவை போட்டுக்கொண்டு கைநாட்டு வைத்தாள். நீங்கள் பம்பாயில் ஒரு நாளைக்கு எத்தனை கையெழுத்து வாங்குகிறீர்களோ எனக்குத் தெரியாது, நம் ஜனங்களுக்கு மாதா முன்னால் வைத்த கை நேர்ச்சைக்குச் சமானம். இதை அந்தப் படிப்பில் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள், ஆனால் நீ இந்த வீட்டில் பிறந்தவன்.

பிளேட்டு வந்ததைப் பற்றி என்னத்தைச் சொல்ல. டோல்கேட்டில் துணி எடுக்கப் போனேன், முனை டீக்கடையில் பெரிய குழாய் வைத்து அலறிக்கொண்டிருந்தது. எங்கேயோ கேட்ட மெட்டாக இருக்கிறதே என்று நின்றேன். டோலக்கும் சலங்கையும் போட்டு ஓட ஓட விரட்டியிருந்தார்கள். செத்தவர் பேர் வைக்கிற இடத்தில் எல்லாம் கண்மணி, கண்மணி என்று ஒருத்தன் மூக்கால் கொஞ்சுகிறான். அடப்பாவி, உன் நைனாவைப் பெட்டியில் வைத்துப் பாடின அடி அது, அதைக் கேட்டுக்கொண்டு ரெண்டு பேர் டீயில் பன்னைத் தொட்டுத் தின்கிறார்கள். நேரே கடைக்குள் போனேன். எழுதியது யார் என்று கடைக்காரரைப் பார்க்கச் சொன்னால் நீ ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாயே, உன் மேனேஜருடைய மைத்துனன், அவன் பேரைப் படிக்கிறார். எழுதிக் கொடுத்துவிட்டவர்கள் பேரைப் போடுவது இந்தத் தொழிலில் வழக்கமில்லை அம்மா என்று அதற்கும் பதில் எழுதினாய். நல்ல வழக்கம், நல்ல தொழில். பேர் வைத்துப் பாடுகிறவள் பேரையே வைக்காமல் விட்டீர்களே, கலீஜ் பிடித்தவர்களே. வீட்டுக்கு வந்து நான் குதித்தேன், அவள் என்னவென்றால், வுடு அண்ணி, அவனுக்கு நல்லது நடந்தா செரி என்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் பக்கத்து வீட்டுத் தேவப்பிரியம் செத்துப்போனாள். தந்தி கொடுக்கவில்லை, கொடுத்தாலும் நீ வந்திருக்க மாட்டாய். காத்திவாக்கத்தில் இறால் வாங்கித் தலையில் சுமந்து விற்றவள், நான் பிரசவ ஜன்னியில் கிடந்தபோது உனக்குப் பால் கொடுத்தவள், இதையாவது மறக்காமல் இரு. குளிப்பாட்டிக் கிடத்தி, பொம்பளைகள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஞானத்தின் முகத்தைப் பார்க்கிறார்கள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறாள், தேவப்பிரியத்தின் தலையைக் கோதுகிறாள், வாயைத் திறக்கவில்லை. ஏன்டி என்று நான் இடித்தேன். கை வச்சிட்டேன் அண்ணி, பாடமாட்டேன்னு மாதா முன்னால கை வச்சிட்டேன், அப்பால எப்டிப் பாடறது என்கிறாள். தேவப்பிரியத்தின் மகன் இக்னேஷியஸ் அவள் காலைப் பிடித்துக்கொண்டு, எங்கம்மா பேர ஒருவாட்டி வையி அத்த, ஒரே ஒருவாட்டி என்று அழுகிறான், அவளும் அழுகிறாள், பாட்டு மட்டும் வரவில்லை. அது வியாபாரத்துக்குத்தான், சாவு வீட்டில் பாடினால் எந்தக் கோர்ட்டும் கேட்காது என்று வரதன் சட்டம் பேசினான். சர்வேசுரனுக்கு வியாபாரம் வேற வூடு வேறயா என்று அவன் வாயை அடைத்துவிட்டாள். சரி, நானாவது பாடுகிறேன் என்று என் தகரத் தொண்டையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன், வாசலில் நின்ற குட்டிகள் கண்மணி என்று முணுமுணுத்துக் களுக்கென்று சிரித்துவிட்டதுகள். தப்பு அதுகள் மேல் இல்லை, அதுகளுக்குத் தெரிந்தது டீக்கடைப் பாட்டு. தேவப்பிரியத்தைப் பேர் சொல்லாமல் தூக்கினார்கள். சாமியாரால் ஆகாததை உன் கம்பெனி முடித்துவிட்டது, உன் மேனேஜரிடம் சொல், அதற்கும் ஒரு பிளேட்டுப் போடுவார். இக்னேஷியஸ் இப்போது நம் வீட்டு வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான்.

சாமியாரிடமே போய்க் கேட்டேன். அது பாவமில்லை, தாராளமாகப் பாடலாம் என்று அவரே வந்து சொல்லிவிட்டுப் போனார். அவரு எப்பவும் அந்தப் பாட்டு வேணாம்னு சொன்னவராச்சே, இப்போ மட்டும் இன்னாவாம் என்கிறாள் உன் அத்தை. இவளை வைத்துக்கொண்டு எனக்குப் பெரிய பேஜாரு. ஆனால் போன திங்கட்கிழமை கல்லறைத் திருநாள். வருஷா வருஷம் உன் நைனா கல்லறையில் அவள் பாடுவாள், நான் ஒரு பக்கம் நின்று கேட்பேன், அந்த ஒரு நாள் எங்களுக்குள் சண்டை கிடையாது. இந்த வருஷமும் இரண்டு பேரும் போனோம், புல்லைப் பிடுங்கினோம், பூப் போட்டோம், மெழுகுதிரி ஏற்றினோம். கூடப் பிறந்த அண்ணன் கல்லறை, அவளுக்கு நெஞ்சில் பாட்டு முட்டுகிறது, முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவளைத் தொட்டே எத்தனை காலமோ ஆகியிருக்கும் எனக்கு.

அன்றைக்குச் சாயங்காலம் உன் கடிதம் வந்து கிடக்கிறது. பிளேட்டு நன்றாகப் போகிறதாம், மேனேஜர் முதுகில் தட்டினாராம், அத்தையிடம் இன்னும் என்னென்ன பாட்டு இருக்கிறது என்று விசாரித்து, தாலாட்டு இருந்தால் முதலில் எழுதி அனுப்ப வேண்டுமாம். ஏன்டா, உனக்குக் கூச்சம் என்று ஒன்று பிறந்தபோதே கிடையாதா, இல்லை ரயிலில் விட்டுவிட்டுப் போனாயா. தாலாட்டுக்கும் அவள் கை வைத்தால் இந்தத் தெருவில் பிள்ளைகள் தூங்குவதற்கும் பம்பாய்க்கு மனுப் போட வேண்டியதுதான். நான் சொல்வதைக் கேள். கம்பெனிக் கடிதாசு ஒன்றும் அனுப்பாதே, அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று முத்திரை போட்டு அனுப்பினால் அடுப்பில் வைப்பேன். வாங்கினவன்தான் திருப்பித் தர வேண்டும் என்கிறாள் உன் அத்தை, அவளுக்குக் கம்பெனி யாரென்று தெரியாது, அவள் கொடுத்தது உனக்கு. நீ வந்து, அதே மாதா முன்னால், பாட்டை உனக்கே விட்டேன் அத்தை என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். அதனால் வேலை போனால் போகட்டும், உன் நைனா இருந்த ஹார்பரில் வரதனிடம் சொல்லி ஏதாவது பார்க்கலாம். வராவிட்டால் ஒன்று தெரிந்துகொள். எனக்கும் வயது ஆகிறது, என் பேரைச் சொல்ல ஆளில்லாமல் என்னையும் ஊமையாகத் தூக்க வேண்டுமென்றால் தோள் கொடுக்க நீ மெனக்கெட்டு வர வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு, ஹோட்டல் எண்ணெய் உனக்கு ஒத்துக்கொள்ளாது. பூசைக்குப் போகிறாயா என்று கேட்டால் மழுப்புகிறாய், போ. மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாளாக, கர்த்தர் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் தருவாராக, புத்தியை முதலில் தரட்டும். கிறிஸ்மசுக்கு லீவு இல்லை என்று எழுதாதே. ஞானம் என் பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்குத்தான் எழுத்து தெரியாதே. புள்ளையத் திட்டி எழுதாத அண்ணி, தொலவுல கீறான், மனசு ஒடஞ்சிடுவான் என்கிறாள். இம்மாந்நேரமா இன்னா எழுதினே என்று கேட்டாள். அவன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான், அதற்குப் பதில் எழுதுகிறேன் என்றேன். உடனே எழுந்து போய் உன் பாயை எடுத்து உதறிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

இப்படிக்கு
உன்னைப் பெற்றவள்
வியாகுலம்மாள்