தானாக ஓடும் மோட்டார்

பசறைத் தோட்டத்து மகாராணி வேலாயிக்கு, மொனராகலை வயல்களின் வெள்ளத்தை விரட்டும் சக்கரவர்த்தி பொன்னையா எழுதுவது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் மலைபோல இருக்கிறேன்.

எங்கள் பம்பு வீட்டில் கிழட்டு டீசல் இயந்திரத்தைக் கழற்றிவிட்டுப் புது மோட்டார் பூட்டியிருக்கிறார்கள். ஒரே மூச்சில் மகாவலி ஆற்றையே குடித்துவிடும். பழையது நான் முடுக்காமல் ஓடாது. சத்தம் இல்லையென்றால் பம்பு வாய்க்குள் பயமில்லாமல் கையை விட்டு அடைப்பை எடுப்பேன். பதினெட்டு வருடப் பழக்கம். புதியது தண்ணீர் ஏறினால் தானாகவே ஓடும். செவ்வாய்க்கிழமை மழையில் அதை மறந்து, சிக்கிய வைக்கோலை இழுக்கக் கையை விட்டேன்.

"மாமா, கைய எடுங்க! ஓடப் போகுது!" என்று கூட வேலை செய்யும் தயாபரன் கத்தினான்.

"நான் சொல்லாம அது ஓடுமாடா?" என்றேன்.

ஓடியது. வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. ஒரு வயல்கூட மூழ்கவில்லை.

நான் சொல்லச் சொல்ல இதை அவன்தான் எழுதுகிறான். போனில் சொன்னால் நீ அழுவது கேட்கும்.

இந்தப் பக்கம் யாராவது வந்தால், தலைவழியாகப் போடும் பனியன் இரண்டு கொடுத்தனுப்பு. சட்டைப் பொத்தானைப் போட்டுவிடச் சொல்லித் தினமும் அவன் முன்னால் போய் நிற்க முடியவில்லை. கடிதம் கொண்டுபோகும் பஸ் வந்துவிட்டது, இவ்வளவுதான்.

உன்
பொன்னையா